ஆவும் ஆடும்

முதலாம் வகுப்பிலே அரிச்சுவடி விரிந்திருக்கிறது. அகரத்தை அடுத்து ஆகாரம் நிற்கிறது. அதன் பக்கத்திலே ஓர் ஆட்டின் படம். "ஆவன்னா, ஆடு" என்று ஆசிரியை சொல்லிக் கொடுக்கப் பிள்ளைகள் ஒரே குரலாக அதனைத் திருப்பிச் சொல்கின்றனர். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பள்ளிகளிலே கேட்டுவரும் ஓசை இது.

அப்பிள்ளைகளுக்குச் சொல்லப்படாமல் விடப்படுகின்ற செய்தி ஒன்று உண்டு. படத்திலுள்ள ஆட்டைச் சுட்டுமுன்னரே அவர்கள் வேறொரு விலங்கின் பெயரையும் சொல்லி முடித்துவிடுகின்றனர். ஆ என்பது எழுத்தாக மட்டும் நிற்பதன்று; தானே ஒரு சொல்லாகியும் நிற்பது. அச்சொல்லின் பொருள் பசு. எனவே அந்த ஓர் எழுத்தின் நிழலிலே மனிதன் வளர்க்கும் விலங்குகள் இரண்டு ஒதுங்கி நிற்கின்றன. ஒன்று, எழுத்தே பெயராய் அமைந்த ஆ. மற்றையது, அவ்வெழுத்தை முதலாகக் கொண்ட ஆடு. குடியானவன் வளவிலும் இவ்விரண்டுமே அருகருகாகக் கட்டப்பட்டு நின்றன. இவற்றின் பெயர்களையும், இவற்றுக்காக மனிதன் ஒதுக்கிவைத்த இடங்களையும், அவ்விடங்கள் இன்று அடைந்துள்ள நிலையையும் எண்ணிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

ஓரெழுத்தே ஒரு சொல்லாய் வருவதனை இலக்கண நூலார் ஓரெழுத்தொருமொழி என்பர். பவணந்தி முனிவர் தம் நன்னூலிலே அத்தகைய சொற்கள் 42 எனக் கணக்கிட்டார். அவற்றுள் உயிரெழுத்துக்கள் ஆறு. ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ என்பன அவை. இவ்வரிசையிலே தலைமை பெற்று நிற்பது ஆ என்னும் பசுவின் பெயரே. ஆணினத்துக்கு ஏறு, எருது, காளை என வேறு பெயர்கள் பல இருத்தலின், ஆ என்பது பால் தரும் பெண்ணினத்தையே சிறப்பாகச் சுட்டி வந்தது.

பிற சொற்களோடு புணரும்போது இச்சொல் பெரும்பாலும் னகர மெய் பெற்று ஆன் என நிற்கும். பசுவின் நெய் ஆனெய் எனப்பட்டது. பசு தரும் ஐந்து பொருள்களும் சேர்ந்து ஆனைந்து எனப்பட்டன. பழைய வழக்கை அறியாதார் இச்சொற்களைக் கேட்டு யானையை நினைத்துக்கொள்ளவுங் கூடும்! பசுக்கூட்டம் ஆநிரை, அதனை மேய்த்தோர் ஆயர், அவர்தம் பெண்டிர் ஆய்ச்சியர், அவர்கள் வாழ்ந்த ஊர் ஆயர்பாடி. ஓர் எழுத்திலிருந்து ஒரு குலமும், ஓர் ஊரும், முல்லை நிலத்து வாழ்க்கை முழுவதும் கிளைத்தெழுந்தமை காண்க.

இன்று பேச்சுவழக்கிலே ஆ இல்லை. "ஆ கறந்தாயிற்றா?" என்று எந்த வீட்டிலும் எவரும் கேட்பதில்லை. பசு என்றும் மாடு என்றும் சொல்லிப் பழகிவிட்டோர்க்கு ஆ என்பது செய்யுளிலே வரும் சொல்லாகிவிட்டது. ஆயினும் அச்சொல் முற்றாக இறந்துபடவில்லை. தமிழ்நாட்டுப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு இணையம் தன் பாலுக்கு ஆவின் எனப் பெயரிட்டதனால், நாள்தோறும் விடியற்காலையிலே அப்பழஞ்சொல் நகரத்து வீடுகளின் வாயிற்படிக்கு வந்துவிடுகிறது. வாங்குவோருட் பலர் அதனை ஒரு வாணிகப் பெயரென்றே கருதுவர்.

ஆ என்னும் சொல் எத்துணைப் பழமையானது என்பதற்குக் கல்லே சான்று பகர்கின்றது. பண்டைக் காலத்திலே ஒரு நாட்டின் செல்வம் ஆநிரையாக இருந்தது. பகைவருடைய ஆநிரையைக் கவர்ந்து வருதல் வெட்சி எனவும், கவரப்பட்டவற்றை மீட்டல் கரந்தை எனவும் வழங்கப்பட்டன. ஆநிரையைக் கைக்கொள்ளும் செயலை ஆகோள் என்னும் சொல்லாலே தொல்காப்பியம் குறிக்கிறது. தேனி மாவட்டத்திலுள்ள புலிமான்கோம்பை என்னும் ஊரிலே 2006ஆம் ஆண்டிலே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தனவாக அறிஞர் கொள்ளும் அக்கற்களுள் ஒன்றிலே ஆகோள் என்ற அதே சொல் வெட்டப்பட்டிருக்கிறது. பசுக்களின் பொருட்டு எழுந்த பூசலிலே உயிர்விட்ட ஒரு வீரனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. ஏட்டிலே மாத்திரம் படித்துவந்த சொல், மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்து நின்றது.

ஆவைக் கவர்தல் போரின் தொடக்கமாக இருந்தது போலவே, ஆவைக் காத்தல் அறத்தின் தொடக்கமாகவும் இருந்தது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார் என்னும் புலவர், அம்மன்னன் போர் தொடங்குமுன்னர் முன்னறிவிப்புக் கொடுத்து, காக்கப்படவேண்டியோரைப் பாதுகாப்பான இடத்துக்கு அகன்று போகச் செய்த அறநெறியைப் புறநானூற்றிலே போற்றுகிறார். அவ்வாறு காக்கப்படவேண்டியோர் நிரலிலே முதலில் வைக்கப்படுவது ஆ. அந்தணரும், பிணியுடையோரும், பெண்டிரும் அதற்குப் பின்னரே வருகின்றனர். அறிவிப்பைக் கேட்டுத் தானே விலகிப்போக அறியாத உயிரை முதலிலே நினைந்த அருள் அது.

இந்த அருளின் எல்லையை இலங்கை வரலாற்று நூலாகிய மகாவம்சம் காட்டுகிறது. அநுராதபுரத்திலிருந்து ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன், முறை வேண்டுவோர் எந்நேரத்திலும் இழுத்து ஒலிப்பதற்காகத் தன் படுக்கையின் தலைமாட்டிலே மணி ஒன்றைக் கட்டிவைத்திருந்தான். அவன் மகன் ஓட்டிச் சென்ற தேரின் சக்கரம் ஒரு கன்றின்மேல் ஏறியது. கன்றை இழந்த ஆ வந்து மணியின் கயிற்றை இழுத்தது. மன்னன் தன் மகனையும் அதே சக்கரத்துக்கு இரையாக்கினான் என்பது கதை. தன் குலத்து அரசனை எதிர்த்துப் போரிட்டவன் என்று எல்லாளனைப் பற்றி எழுதும் நூலே, நட்புடையோர் பகையுடையோர் என்னும் வேறுபாடின்றி அவன் முறைசெய்தான் என்றும் எழுதிவைத்தது. அதற்குச் சாட்சியாக அந்நூல் முதலிலே அழைத்த உயிர் பேசத் தெரியாத ஓர் ஆ. சோழநாட்டிலே நடந்ததாக இக்கதையையே தமிழ் நூல்களும் சொல்லும்.

அரசன் கடமை இவ்வாறாயின், குடிமகன் கடமை யாது? திருவள்ளுவர் இரவச்சத்திலே ஒரு நுண்ணிய செய்தியை வைத்தார். ஓர் ஆவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று இரந்து கேட்பினும், நாவுக்கு அதனைவிட இழிவு தருவது வேறில்லை என்பது அவர் கருத்து. இரத்தலின் கொடுமையைச் சொல்ல வந்த பாட்டே இது. எனினும் அப்பாட்டு மற்றொன்றையும் தானாகவே காட்டிவிடுகிறது. தனக்கெனக் கேளாமல், நீரின்றித் தவிக்கும் ஆவுக்கெனக் கேட்பதே இரப்புக்களுள் மிக மன்னிக்கத்தக்கது என்று அந்நாளைய சமுதாயம் கருதியது; ஆதலினாலேதான் அதனை எல்லையாக எடுத்து அவர் பேசினார். அத்தகைய இரப்புக்கே இடமில்லாதபடி, கேட்குமுன்னரே ஆவுக்கு நீர் வைத்திருக்கும் ஊர் எவ்வளவு மேலானது!

அத்தகைய ஊர்கள் இருந்தன. வற்றாத ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணத்துக் குடாநாடே அதற்குச் சான்று. சுண்ணக்கல் நிலத்திலே பெய்யும் மழை விரைந்து கீழிறங்கிவிடும். கோடையிலே கிணற்று நீரன்றி வேறு நீர் இல்லை. துலாவினால் இறைக்கும் நீர் மனிதருக்கே அரிதாகும் காலத்திலே, வாயில்லா உயிர் எங்கே போகும்? ஆகவே பழைய பெருந்தெருக்களின் ஓரத்திலே, சந்திகளிலே, கோயில் வீதிகளிலே அறஞ்செய்வோர் சில அமைப்புக்களை ஏற்படுத்தினர். வழிப்போக்கர் தங்குவதற்கு ஒரு மடம்; தலைச்சுமையை இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கி; குடிப்பதற்கு ஒரு கிணறு அல்லது கேணி; மாடுகள் குடிப்பதற்கு ஒரு நீர்த்தொட்டி; அதன் பக்கத்திலே நிலத்தில் ஊன்றிய ஒரு கல். அக்கல்லுக்குப் பெயர் ஆவுரோஞ்சிக்கல்.

ஆ வந்து உரோஞ்சுகின்ற கல் ஆதலின் அப்பெயர் பெற்றது. உரிஞ்சுதல் என்பதனை யாழ்ப்பாணத்தார் உரோஞ்சுதல் என்பர். மாட்டின் உடம்பிலே உண்ணி கடிக்கும், ஈ மொய்க்கும், வெயிலிலே தோல் அரிக்கும். வாலுக்கு எட்டும் இடத்தை அது வாலினால் அடித்துக்கொள்ளும். நாவுக்கு எட்டும் இடத்தை நக்கிக்கொள்ளும். கழுத்தும் தோளும் அடிநெஞ்சும் இரண்டுக்கும் எட்டா. அந்த எட்டாத இடத்தின் தினவைத் தீர்த்துக்கொள்ளவே, மாட்டின் உயரத்தை அளந்து பார்த்ததுபோல ஒரு கல்லை நட்டுவைத்தனர். கல்லை நட்டவனுக்கு அதனால் ஊதியம் யாதும் இல்லை. வந்து உரோஞ்சும் மாடு அவனுடைய மாடாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. தமிழர் வகுத்த முப்பத்திரண்டு அறங்களுள் இதுவும் ஒன்று. ஆவுரிஞ்சுதறி என்பது அங்கே அதன் பெயர். கல்வியும் மருந்தும் அன்னமும் அளிப்பதோடு, ஒரு விலங்கின் தினவைத் தீர்ப்பதனையும் சேர்த்து எண்ணிய மனம் போற்றத்தக்கது.

பேச்சிலே மறைந்துபோன ஆ என்னும் சொல், இந்தக் கல்லின் பெயரிலே யாழ்ப்பாணத்தார் நாவில் உயிரோடு தங்கியது. ஆயின் இன்று அக்கற்களுட் பல தெரு அகலிக்கப்பட்டபோது அகற்றப்பட்டன. சில மண்ணிலே பாதி புதைந்து நிற்கின்றன. தொட்டிகள் வறண்டு குப்பை நிறைந்து கிடக்கின்றன. எஞ்சியவற்றைப் பழமைச் சின்னங்கள் என்று படம் பிடிப்போர் உளர். தெருவிலே மாடு திரிந்தால் அதனைக் கட்டாக்காலி என்று துரத்தும் காலத்திலே, அதற்கென ஒரு கல் நட்ட காலம் நம்புதற்கரிய கதை போலத் தோன்றுகிறது.

இனி ஆட்டுக்கு வருவோம். ஆகார வரிசையிலே இன்று அது முதலிடம் பெற்று நின்றாலும், ஆதியிலே அது அவ்வரிசைக்கு உரியதன்று. தொல்காப்பியர் காலத்திலே அதன் பெயர் யாடு. யகரமெய் ஆகாரத்தோடு கூடியே சொல்லுக்கு முதலில் வரும் என்பது அவர் வகுத்த விதி. அவ்விதிப்படி யாடு, யானை, யாமை, யாறு, யாண்டு என வழங்கிய சொற்கள் பிற்காலத்திலே யகரத்தை உதிர்த்துவிட்டு ஆடு, ஆனை, ஆமை, ஆறு, ஆண்டு என நின்றன. ஆனையிறவு என்னும் ஊர்ப்பெயர் இம்மாற்றத்தைத் தாங்கி நிற்கிறது. எனவே ஆ அவ்வெழுத்தின் பழங்குடி. ஆடு பின்னர் வந்து குடியேறியது எனலாம்.

மனிதனோடு கூடிவாழ்ந்த வரலாற்றிலோ நிலைமை மறுதலை. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே ஈரான் நாட்டின் சாக்ரோசு மலைப்புறங்களிலே ஆட்டை மனிதன் பழக்கிவிட்டான். திமிலுடைய மாட்டைச் சிந்துவெளிக்கு மேற்கே, மெகர்கார் போன்ற பழைய உழவர் குடியிருப்புக்களிலே பழக்கியது ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்னர் என்பர். ஆதலின் மனிதன் முற்றத்துக்கு முதலில் வந்தது ஆடே.

பழந்தமிழர் ஆட்டை நுணுகி நோக்கினர் என்பதற்கு அவர்கள் இட்ட பெயர்களே போதும். ஆட்டினத்தின் ஆணுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. குட்டியை மறி என்றனர். மோதுவதற்காகத் தகர் பின்வாங்கும் நிலையைக் கண்ட வள்ளுவர், காலம் கருதி ஒடுங்கியிருக்கும் வீரனுக்கு அதனை உவமையாக்கினார். பூண்டுகளுக்குப் பெயர் வைக்கும்போதும் ஆட்டின் நாவையே அளவுகோலாகக் கொண்டனர். ஆடு தொடாத இலையுடையது ஆடாதோடை. ஆடு தின்னாத பூண்டு ஆடுதின்னாப்பாளை. எதனையும் கடித்துப் பார்க்கும் ஆடே ஒன்றை விலக்குமாயின், அதிலே கசப்போ நஞ்சோ மருந்தோ இருத்தல்வேண்டும் என்று அவர்கள் உணர்ந்தனர். இருமலுக்கு ஆடாதோடையைக் காய்ச்சிக் கொடுக்கும் பாட்டிமார் அவ்வுணர்வின் வழிவந்தோர்.

ஆவும் ஆடும் இரண்டுமே இரைமீட்கும் விலங்குகள். இரண்டுக்கும் குளம்பு பிளவுபட்டது. மேல்வாயின் முன்புறத்திலே பல் இல்லை. இரைப்பை நான்கு அறைகளை உடையது. ஆயினும் உண்ணும் முறையிலே இரண்டும் வேறு. ஆ தலையைத் தாழ்த்தி, நாவினாற் புல்லைச் சுற்றி வளைத்துப் பிடுங்கித் தின்னும். வெள்ளாடு தலையை உயர்த்தும். வேலியிலே முன்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து, அசையும் மேலுதட்டினாற் கொழுந்தைத் தேர்ந்து கொய்யும். செம்மறியோ ஆவைப் போலப் புல்லை மேய்வது. ஆகவே மேய்ச்சற்றரை உள்ள இடத்திலே ஆவும் செம்மறியும் வளரும்; மேய்ச்சற்றரை இல்லாத சிறு வளவிலே வெள்ளாடு வளரும். ஆ கருவுற்று ஏறக்குறைய 280 நாட்களிலே ஒரு கன்றை ஈனும். ஆடு ஏறக்குறைய 150 நாட்களிலே ஈனும். இரட்டைக் குட்டிகள் ஈனுவதும் பெருவழக்கு. நிலமும் பொருளும் குறைந்தோர்க்கு எது ஏற்றது என்பது இதனால் விளங்கும். ஆட்டை ஏழையின் பசு என்று சொல்வது புகழுரையன்று, உண்மை உரையே.

யாழ்ப்பாணத்து வளவுகளிலே அந்த ஏழையின் பசுவுக்குப் புல்வெளி இருக்கவில்லை, வேலி இருந்தது. வளவைச் சுற்றிக் கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, அவை தழைத்தபின் கிடுகினாலோ பனையோலையினாலோ அடைத்துக் கட்டுவர். உயிரோடு நிற்கும் அவ்வேலி ஆண்டுதோறும் குழை தள்ளும். மாலைவேளையிலே கொக்கத்தடியை எடுத்து நாலு கொப்பை வளைத்து ஒடித்துக் கட்டிவிட்டால் ஆட்டின் இராவுணவு முடிந்தது. பலாவின் பழுத்த இலையும், வாழைக்காயின் தோலும், அரிசி கழுவிய நீரும் அதனோடு சேரும். மாட்டுக்குப் பனையின் பச்சோலையைக் கிழித்துப் போடுவர். வைக்கோற்போரிலிருந்து ஒரு பிடி இழுத்துப் போடுவர். ஆடும் மாடும் கொடுத்த எருவோ புகையிலைத் தோட்டத்துக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் போயிற்று. அறுவடை முடிந்த தோட்டங்களிலே பட்டி அடைத்து, இரவிலே விலங்குகளைக் கிடைகிடக்கச் செய்து நிலத்தை வளப்படுத்துவதும் உண்டு. வேலி ஆட்டை வளர்த்தது. ஆடு தோட்டத்தை வளர்த்தது. தோட்டம் வீட்டை வளர்த்தது.

இந்தச் சுழற்சியிலே முதலாவது கண்ணி இப்பொழுது அறுந்துவருகிறது. கதியால் வேலி இருந்த இடத்திலே சீமெந்து மதில் எழுகிறது. மதில் உறுதியானது, அழகும் உடையது, ஆண்டுதோறும் அடைக்கும் வேலையுமில்லை. ஆனால் மதில் குழை தள்ளாது. வேலியை இழந்த வளவிலே ஆடு வளர்ப்போர், குழைக்காக அயலார் வளவையும் தெருவோரத்தையும் நாடவேண்டியவராகின்றனர். அல்லது விலைகொடுத்துத் தீன் வாங்கவேண்டியவராகின்றனர். ஈற்றிலே ஆட்டை விற்றுவிடுகின்றனர். தெருவோரத்துக் கல்லை இழந்த ஆவும், வளவோரத்து வேலியை இழந்த ஆடும் ஒரே வகையான இழப்பையே அடைந்தன. மனிதன் தனக்காக ஒன்றைக் கட்டும்போது அதிலே விலங்குக்கும் ஒரு மூலையை விட்டுவைத்த வழக்கம் கைவிடப்பட்டது.

இதனால் இழப்பு விலங்குக்கு மட்டுமோ? 2021ஆம், 2022ஆம் ஆண்டுகளிலே இலங்கை பொருளாதார நெருக்கடியில் அகப்பட்டபோது, கடல் கடந்து வரும் பால்மா கடைகளிலே கிடைக்காமற் போயிற்று. கிடைத்த இடங்களிலும் மக்கள் வரிசையிலே நின்று வாங்கினர். அந்நாட்களிலே கொட்டிலில் ஓர் ஆ நின்ற வீட்டிலும், வேலியருகே ஒரு பாலாடு நின்ற வீட்டிலும் குழந்தைக்குப் பால் இருந்தது. பால்மாப் பெட்டியிலே பழகிய நாடு, தன் முற்றத்திலே நின்ற பாலை மறந்திருந்தமை அப்பொழுது புலப்பட்டது.

ஆட்டின்மேல் ஒரு பழி உண்டு. அது கண்ட பயிரையெல்லாம் அழிக்கும், காட்டை வெளியாக்கும் என்பர். அளவுக்கு மிஞ்சிய ஆடுகளைக் கட்டின்றி விட்ட நிலங்களிலே இது நிகழ்ந்ததும் உண்மையே. ஆயின் குற்றம் ஆட்டினதன்று. கயிற்றைக் கையில் வைத்திருப்பவனுடையது. வளவிலே கட்டிக் குழை ஒடித்துப் போட்டு வளர்க்கும் ஆடு எந்தக் காட்டையும் அழித்ததில்லை.

ஆவின் விதியும் ஆட்டின் விதியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இலங்கையிலே ஒரு நோயும் காட்டியது. மாடுகளையும் எருமைகளையும் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இத்தீவை விட்டு நீங்கியிருந்தது. 1987ஆம் ஆண்டிலே கடல் கடந்து கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது மீண்டும் வந்து புகுந்தது. ஆட்டிலே பெரிதும் வெளித்தோன்றாது மறைந்து வந்த நோய், மாட்டிலும் எருமையிலும் புகுந்து பேரழிவு செய்தது. கால்நடை வைத்தியர்கள் ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி போட்டனர். 1994ஆம் ஆண்டோடு அது இங்கே அடங்கியது. 2011ஆம் ஆண்டிலே உலகம் முழுவதிலும் அந்நோய் ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின்னர் மனிதன் உலகினின்றும் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றே. அதன் இனமாகிய ஆட்டுக்கொல்லி நோய் உலகிலே இன்னும் ஒழியவில்லை. 2030ஆம் ஆண்டுக்குள் அதனையும் ஒழிப்பது என நாடுகள் உறுதிபூண்டுள்ளன. ஆட்டைக் கவனியாது ஆவைக் காக்க முடியாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

நோய்க்கு ஊசி உண்டு. குளிருக்கு ஊசி இல்லை. 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே வங்கக் கடலில் எழுந்த புயலை ஒட்டி, வடக்கு கிழக்கு மாகாணங்களிலே கடுங்குளிர்க் காற்றும் மழையும் வீசின. வெப்பத்திலே பழகிய உடம்போடு திறந்த வெளியிலே நின்ற மாடுகளும் ஆடுகளும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை சில நாட்களிலே மடிந்தன. விடிந்து பட்டிக்குச் சென்றோர் கண்டது, ஒன்றையொன்று ஒட்டியபடியே விறைத்துக் கிடந்த உடல்களை. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த செல்வத்தை ஓர் இரவிலே இழந்த குடும்பங்கள் பல. ஒரு கூரையும், காற்றை மறைக்க ஒரு தட்டியும், காலடியிலே சிறிது வைக்கோலும் இருந்திருந்தால் அவற்றுட் பல பிழைத்திருத்தல் கூடும்.

மேய்ச்சற்றரையின் கதையும் இத்தகையதே. கிழக்கிலங்கையிலே பெரும்போகம் விதைக்கப்படும்போது மாடுகளை வயற்புறங்களிலிருந்து நீக்கித் தொலைவிலுள்ள தரைகளுக்குச் சாய்த்துச் செல்வர். அறுவடை முடிந்தபின் ஒட்டு மேய்வதற்கு மீண்டும் கொண்டுவருவர். பயிரும் பட்டியும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழப் பெரியோர் கண்ட ஒழுங்கு அது. மேய்ச்சற்றரைகள் பயிர்நிலங்களாக மாறும்போது அவ்வொழுங்கு குலைகிறது. மட்டக்களப்பு மாவட்டத்திலே மயிலத்தமடு, மாதவனை ஆகிய தரைகளைத் தம் மாடுகளுக்கு விட்டுத்தருமாறு வேண்டிப் பண்ணையாளர்கள் 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே அறப்போராட்டம் தொடங்கினர். நிலம் வேண்டுவோர் இரு திறத்தினராக நிற்கும்போது, இரண்டு திறத்திலும் சேராமலும் பேசாமலும் நிற்கும் உயிர் ஒன்று உண்டு. எல்லாளன் மணியின் கயிறு அதன் வாய்க்கு எட்டும் உயரத்திலே தொங்கியது. இன்று அதற்கு எட்டும் கயிறு எங்கும் இல்லை.

ஆகவே ஆவுக்கும் ஆட்டுக்கும் மனிதன் செலுத்தவேண்டிய கடன் பெரிதன்று. குடிக்க நீர், உண்ணப் புல்லும் குழையும், ஒதுங்க ஒரு கூரை. இம்மூன்றும் புதிய அறங்கள் அல்ல. ஊர்ச் சந்தியிலே வறண்டு கிடக்கும் தொட்டியைத் துப்புரவாக்கிக் கோடையிலே நாளுக்கு இரண்டு வாளி நீர் விடுவதற்கு, ஊரிளைஞர் சங்கம் ஒன்றே போதும். தெரு அகலிக்கும்போது ஆவுரோஞ்சிக்கல்லைப் பெயர்த்து, நாலு முழம் தள்ளி நடுவதற்கு ஒரு நாள் வேலையே செல்லும். மதில் கட்டுவோர் வளவின் பின்புறத்திலே பத்துக் கதியாலையாவது நட்டுவைத்தல் கூடும். மழைக்காலம் தொடங்குமுன்னர்ப் பட்டியின் வாடைப் பக்கத்தை ஓலைத்தட்டியால் மறைத்துவிடலாம். ஒவ்வொன்றும் சிறிய செயல். முன்னோர் அறமும் இத்தகைய சிறிய செயல்களாலேயே ஆனது.

அரிச்சுவடியிலே ஆகாரத்துக்கு அருகில் ஆட்டின் படம் இருப்பது நன்று. அது அங்கேயே இருக்கட்டும். ஆயின் அவ்வெழுத்தைக் கற்பிக்கும் நாளிலே ஆசிரியை பிள்ளைகளைத் தெருவோரத்துக் கல் ஒன்றின் அருகே அழைத்துச் சென்று, "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்பாராக. ஆவுரோஞ்சிக்கல் என்று அறிந்துகொள்ளும் பிள்ளைக்கு, எழுத்தோடு சொல்லும், சொல்லோடு உயிரும், உயிரோடு அறமும் ஒரே பாடத்திலே கைவந்துவிடும். அப்பொழுது ஒரு மாடு வந்து அக்கல்லிலே கழுத்தை உரோஞ்சி நிற்குமாயின், பாடத்துக்கு வேறு படம் வேண்டியதில்லை.